இரண்டு கை, இரண்டு சிறகு

ஜூலை 8, திங்கள்

காலை 5.40க்கு எழுந்தேன். சனிக்கிழமை கொல்லைப்படியில் வழுக்கி விழுந்ததில் என் மனைவி தையல்நாயகிக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எலும்பு விலகவில்லை, அறுவை வேண்டாம் என்றார் டாக்டர். தலையில் அடிபடவில்லை. இடுப்புக்கும் ஒன்றுமில்லை. எழுபது வயதில் விழுந்து இவ்வளவோடு எழுந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும்.

சமையல் இனி என் பொறுப்பு. ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னாள்: "ஏங்க, லேப்ல சொட்டு சொட்டா அளந்து ஊத்துற மனுஷன்னு ஊரெல்லாம் சொல்லிவெச்சிருந்தேனே." உப்பு டப்பா அருகில் ஒரு தாளும் பென்சிலும் வைத்திருக்கிறேன். போட்டதும் ஒரு கோடு.

மாலையில் பெண்கள் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை ஜெசிந்தா வந்தார். பள்ளி வளாகத்தில் அறிவியல் பூங்கா அமைக்கிறார்கள். நடுவில் ஒரு டைனோசர் சிலை. சுதந்திர தினத்தன்று கொடியேற்றம் முடிந்ததும் திறப்பு. முப்பத்து மூன்று வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் என்பதால் நான்தான் ஆலோசகராம். "கல்வெட்டுல உங்க பேரு வரும் சார்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உள்ளிருந்து தையல், "சரின்னுட்டார்னு வெச்சுக்குங்க டீச்சர்" என்று குரல் கொடுத்தாள்.

ஜூலை 10, புதன்

இரண்டு நாளாக வரைகிறேன். மொத்தம் ஆறு தாள். டெய்னோனிகஸ் என்ற விலங்கைத் தேர்ந்தெடுத்தேன். பதினோரடி நீளம், பாதிக்கு மேல் வால். இரண்டு காலில் ஓடும். பறவைகளுக்கு மிக நெருங்கிய கிளை. அதன் இறகு பாறையில் கிடைக்கவில்லை. ஆனால் நெருங்கிய உறவுகளின் எலும்புகளில் இறகு பதிந்த மேடுகள் இருக்கின்றன. ஆகவே இதற்கும் இறகு வரைவது தவறாகாது என்று மூன்று முறை சரிபார்த்துக்கொண்டேன்.

தாள் மூன்றில் கையெலும்புகளை மட்டும் வரைந்திருக்கிறேன். தாள் நான்கில் இறகுகள்.

இறகு பறப்பதற்காக வந்ததல்ல. பறக்காத விலங்குகளின் உடம்பில் முதலில் வந்தது, பறத்தல் பிறகு வந்தது. பறவை என்பது டைனோசர்களில் பிழைத்துப்போன ஒரு கிளை. இவ்வளவு எளிய விஷயத்தை நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. காரணம் உண்டு. வேறொரு நாள் எழுதுகிறேன்.

ஜூலை 12, வெள்ளி

சிலை செய்பவரைப் பார்த்தேன். பச்சமுத்து, வயது ஐம்பத்தைந்து இருக்கும். கோபுர பொம்மைகளும் ஊர் எல்லைச் சாமிகளும் செய்கிறவர். சிமெண்ட் கலவை போடுவது அவர் மனைவி அஞ்சலை. தாள்களைத் தரையில் பரப்பிக் கல் வைத்துப் பார்த்தார்கள்.

"இது என்ன சாமிங்க ஐயா?" என்றார் பச்சமுத்து.

சாமி இல்லை, பதினோரு கோடி வருடத்துக்கு முன் வாழ்ந்த விலங்கு என்றேன்.

"அப்பப் படையல் கெடையாதா?" என்றார் அஞ்சலை.

கோழிக்கும் இதற்கும் சொந்தம் உண்டு என்று சொல்லிவைத்தேன். பச்சமுத்து நிமிர்ந்தார். "என்ன மொறைங்க?"

நல்ல கேள்வி. பாட்டன் என்று சொன்னால் தவறு. நேர் வழி இல்லை, பக்கத்துக் கிளை. யோசித்து, "பெரியப்பா முறை" என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. என் பணிக்காலத்தில் இவ்வளவு சரியான விளக்கத்தை நான் கொடுத்ததாக நினைவில்லை. அதுவும் அவர் கேட்டதால் வந்தது.

ஜூலை 16, செவ்வாய்

தையலுக்குத் தலை வாரிப் பின்னினேன். கூந்தலை மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றிப் போடுவது கஷ்டமான காரியம். நாற்பத்தாறு வருடம் தினமும் இது என் கண் முன்னால் நடந்திருக்கிறது.

ஜூலை 22, திங்கள்

இன்று சிலையைப் பார்த்தேன்.

கால்கள் அருமை. பாதத்தில் மேலே தூக்கி நிற்கும் அரிவாள் நகம்கூடச் சரியாக வந்திருக்கிறது. முன்னால் இரண்டு கைகள், கைக்கு மூன்று விரல். தாள் மூன்றில் இருப்பது போலவே. பிறகு பக்கவாட்டில் போனேன். தோளுக்குப் பின்னாலிருந்து, கைகளுக்குச் சம்பந்தமில்லாமல், இரண்டு பெரிய சிறகுகள் விரிந்து நின்றன. கருட வாகனத்துக்கு இருப்பது போல. கை தனி, சிறகு தனி.

முதுகெலும்புள்ள எந்த விலங்குக்கும் இரண்டு ஜோடிக்கு மேல் கைகால் கிடையாது. இதற்கு மூன்று ஜோடி இருக்கிறது. கைதான் சிறகாகிறது என்பதுதான் முழு விஷயமும். அதைக் காட்டுவதற்காகத்தான் சிலையே. இதைப் பார்க்கும் பிள்ளை, பறவைக்குச் சிறகு முதுகில் முளைத்தது என்று நினைத்துக்கொள்ளும்.

பச்சமுத்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எப்பிடிங்க ஐயா இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.

அஞ்சலை கலவைச் சட்டியோடு நின்று என்னைப் பார்த்தார். "ஐயா மூஞ்சியப் பாத்தா அப்பிடித் தெரியலையே."

வெயில் என்றேன்.

தவறு அவருடையதல்ல. ஒரு தாளில் இறகில்லாத கை, மறு தாளில் இறகு. அவர் இரண்டையும் நம்பிச் செய்திருக்கிறார். இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு வரி எழுதாதது நான்.

வியாழக்கிழமை கண் திறக்கப் போகிறாராம். கண்ணில் கருமணி தீட்டிவிட்டால் அப்புறம் சிலையில் உளி படக்கூடாது, பின்னமாகிவிடும் என்றார். இது சாமி இல்லையே என்றேன். "சாமி இல்லதாங்க. ஆனா என் கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது" என்றார்.

ஆக, எனக்கு இருப்பது மூன்று நாள்.

ஜூலை 25, வியாழன்

சொல்லவில்லை. ஆனால் தப்பித்தேன். கறுப்புப் பெயிண்ட் தீர்ந்துவிட்டதாம். அஞ்சலை ஏதோ சொல்ல வாயெடுத்தார். பச்சமுத்து அவரைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான்கு நாள் கிடைத்தது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை, பெயிண்ட் டப்பாவுக்குச் சொல்லிக்கொண்டேன்.

உப்பு சரியாக இருந்தது.

ஜூலை 28, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

நான் நடத்திய பாடக் குறிப்பில் இப்படி ஒரு வரி: "டைனோசர்களுக்குக் காறை எலும்பு இல்லை. எனவே பறவைகள் அவற்றிலிருந்து தோன்றியிருக்க முடியாது." விடைக்குறிப்பிலும் அதே வரி. அதற்கு இரண்டு மதிப்பெண். 1998இல் ஒரு கருத்தரங்குக்காகத் திருச்சி போனபோது, நூலகத்தில் ஒரு ஆய்விதழைப் பார்த்தேன். சீனாவில் கிடைத்த சிறு டைனோசர். முதுகு நெடுகப் பஞ்சு போன்ற இறகுத் தடம். கழுத்தடியில் இருக்கும் அந்தக் காறை எலும்பும் டைனோசர்களில் பல வருடங்களுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. பறவையின் நெஞ்சில் இருக்கும் அதே கவை எலும்பு.

நின்றுகொண்டே படித்தேன். சந்தோஷமாக இருந்தது. துறைத்தலைவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. விடைக்குறிப்பை மாற்றுவது பெரிய இடத்து வேலை, நான் யார் என்று இருந்துவிட்டேன். அதன்பின் பத்து வருடம், ஓய்வு பெறும்வரை, தெரிந்தே அந்த வரியை நடத்தினேன். சரியாக எழுதிய இரண்டு மூன்று பேருக்கு அந்த இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்தும் இருக்கிறேன்.

அந்தச் சிலைக்குக் கீழே என் பெயர் வரப்போகிறது. இப்போதும் சொல்லாவிட்டால் இரண்டாவது முறையும் அதையே செய்தவன் ஆவேன், இந்த முறை சிமெண்ட்டில்.

இதையெல்லாம் இன்று தையலிடம் சொன்னேன். அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"தூக்கத்துல பேசுவீங்க. விடைக்குறிப்பு, விடைக்குறிப்புன்னு. நான் ஏதோ பேப்பர் திருத்துற பைத்தியம்னு விட்டுட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பச்சமுத்து கடிச்சா தின்னுடப் போறாரு? சொல்லுங்க. இல்லாட்டி நான் வந்து சொல்றேன், ஒத்தக் கையோட" என்றாள்.

ஜூலை 29, திங்கள்

போனேன். சொல்லவில்லை. இன்று கரிநாள், கண் திறக்கக் கூடாது என்று பச்சமுத்துவே வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தையல் நாள்காட்டியைப் பார்த்தாள். "இன்னைக்குக் கரிநாள் இல்லையே" என்றாள். ஊருக்கு ஊர் பஞ்சாங்கம் மாறலாம் என்றேன். "மாறும், மாறும்" என்றாள்.

எப்படியோ, இன்னும் மூன்று நாள்.

ஜூலை 31, புதன்

சொல்ல வராது என்றால் காட்டிவிடலாம் என்று தோன்றியது. கல்லூரியில் எனக்குக் கை கொடுத்தது எப்போதும் மாதிரிகள்தான், பேச்சு அல்ல.

பிறந்ததிலிருந்து போகாத இடத்துக்கு இன்று போனேன். பிராய்லர் கடை. கடைக்காரர் சூப்புக்கா என்று கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன். றெக்கை மட்டும் ஒன்று, நுனி வெட்டாமல் என்றேன். "நுனியில ஒண்ணுமே இருக்காது பெரியவரே" என்றார். இருக்கிறது, மூன்று விரல் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். பின்னால் இரண்டு பேர் நின்றார்கள்.

கொல்லையில் மூன்று செங்கல் வைத்து, பழைய தகர டின் ஒன்றில் வேகவைத்தேன். தையல் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்றாள். "என் பாத்திரம் எதுவும் இல்லையே?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, சைவக்காரர் வீட்டுக் கொல்லையில் இந்த வாசனையை எதிர்வீட்டம்மா என்னவென்று நினைப்பாள் என்று சிரித்தாள். கட்டுப் போட்ட கை குலுங்கி வலிக்கும்வரை சிரித்தாள்.

சதை நீக்கி எலும்புகளைக் கழுவி வெயிலில் வைத்தேன். இளங்கோழி, முனையெல்லாம் குருத்தெலும்பு. ஆனாலும் எல்லாம் இருக்கின்றன. மேற்கையில் ஒன்று, முன்கையில் இரண்டு, பிறகு மணிக்கட்டு, அப்புறம் விரல்கள். அட்டையில் வரிசையாக வைத்து நூலால் தைக்க வேண்டும். ஊசி இரண்டு முறை என் விரலிலேயே ஏறியது. தையல் இடக்கையால் ஊசியை வாங்கித் தைத்தாள். மணிக்கட்டு வந்ததும் நிறுத்தி, "எனக்கு ஒடஞ்சது இதுதானா?" என்றாள். ஏறக்குறைய இதுதான் என்றேன். "கோழிக்கு இது எப்பிடி மடியும்?" பக்கவாட்டில் மடியும், அதனால்தான் சிறகை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள முடிகிறது, டெய்னோனிகஸுக்கும் அதே எலும்பு, அரைவட்டமாக இருக்கும் என்றேன். அவள் தன் மாவுக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி தைத்தாள்.

தொட்டதற்காக அவள் தலைக்குக் குளிக்க வேண்டியிருந்தது. நான்தான் தண்ணீர் ஊற்றினேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

அட்டையைத் துணிப்பையில் எடுத்துக்கொண்டு போனேன். மூன்று மணி நேரம் மடியில் வைத்திருந்தேன். பச்சமுத்து இரண்டு முறை, "பையில என்னங்க ஐயா?" என்று கேட்டார். காகிதம் என்றேன். கண் எழுதும் தூரிகையைக் காணோம் என்றார் அவர். அதைத் தேடுவதிலேயே பொழுது போயிற்று. அஞ்சலை தேடவில்லை. செங்கல் குவியலில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. எலுமிச்சைச் சாதம் குழைந்துவிட்டது. நன்றாக இருக்கிறது என்றாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்தரைக்குப் போனேன். தலைமையாசிரியை எனக்கு முன்பே அங்கே இருந்தார். ஒன்பது நாள்தான் இருக்கிறது, இன்னும் கண் எழுதவில்லையே என்று கடையிலிருந்து தானே கறுப்புப் பெயிண்ட்டும் மூன்று அளவில் தூரிகையும் வாங்கி வந்துவிட்டார்.  பச்சமுத்து டப்பாவைத் திறந்தார். கலக்கினார். வெகுநேரம் கலக்கினார். ஏணியில் இரண்டு படி ஏறினார். தூரிகையைத் தோய்த்தார். தோய்த்துவிட்டு, சிலையைப் பார்க்காமல், திரும்பி என்னைப் பார்த்தார்.

அப்படியே நின்றார். தூரிகை நுனியிலிருந்து ஒரு சொட்டு அவர் கால்மேல் விழுந்தது.

நான், "பச்சமுத்து, கொஞ்சம் இருங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவர் உடனே இறங்கிவிட்டார்.

அட்டையை எடுத்துக் காட்டினேன். சொல்ல வேண்டியதைத் தலைகீழாகச் சொன்னேன், விரலிலிருந்து தோளுக்கு. அவர் தன் முழங்கையைத் தொட்டுப் பார்த்து, எலும்பைப் பார்த்து, மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கடிச்சுத் துப்பியிருக்கேன். இது கையின்னு தெரியாமப் போச்சே" என்றார். பிறகு, "அப்ப றெக்க தனியா கெடையாது. கையில மொளைக்கணும்."

ஆமாம் என்றேன். தவறு என் தாளில், நான் எழுதாமல் விட்டேன், முதல் நாளே பார்த்தும் சொல்லவில்லை என்றேன்.

"ரெண்டு வாரமா எண்ணிக்கிட்டிருந்தீங்களேய்யா" என்றார். "வந்ததும் கையி ரெண்டு, றெக்க ரெண்டு, காலு ரெண்டுன்னு உங்க கண்ணு எண்ணும். அப்புறம் நல்லாருக்கும்பீங்க. என்னமோ இருக்கு, என்னன்னுதான் வெளங்கல."

"பின்ன?" என்றார் அஞ்சலை. "கறுப்பு டப்பா சாக்குக்கு அடியிலதாங்க இருக்கு. பிரஸ்ஸு அவரு அன்ராயர் பையில. வெச்சுக்கிட்டே தேடுனாரு."

பச்சமுத்து அவரை முறைத்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். பெயிண்ட் டப்பாவுக்கும் பஞ்சாங்கத்துக்கும் நான் சொன்ன நன்றியெல்லாம் போய்ச்சேர வேண்டிய இடம் எதிரே நின்று பீடி தேடிக்கொண்டிருந்தது. நீங்களே கேட்டிருக்கலாமே என்றேன்.

"படிச்சவங்க சொல்லாததக் கேட்டா மரியாதையா இருக்காதுங்களே" என்றார். அவருக்கும் பயம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தலைமையாசிரியைக்கு வருத்தம். "சார், பிள்ளைங்களுக்கு அந்த றெக்கைதான் ரொம்பப் புடிச்சிருக்கு. அழகா இருக்கு. இருந்துட்டுப் போகட்டுமே? யாரு எண்ணப் போறா?" என்றார்.

பழைய நானாக இருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.  "பிள்ளைங்க எண்ணுவாங்க டீச்சர்" என்றேன். "எண்ணலைன்னாலும், இப்படியே விட்டா இதுக்குக் கீழே என் பேரு போட வேண்டாம்."

அவர் சிலையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பதினஞ்சாம் தேதிக்குள்ள முடியுமா என்று பச்சமுத்துவைக் கேட்டார்.

"கண்ணு தொறக்கலைல்ல? அதுவரைக்கும் வெறும் சிமெண்ட்டுதாங்க" என்று சுத்தியலை எடுத்தார். முதல் அடி என்னை அடிக்கச் சொன்னார். அடித்தேன். சிறிய சில்லு ஒன்று பெயர்ந்தது. அஞ்சலை, "இந்த வேகத்துல போனா அடுத்த சுதந்திர தினத்துக்கு ஆவும்" என்று சுத்தியலை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் சொன்னேன்.  இரவு பால் காய்ச்ச எழுந்தபோது, உட்காருங்க என்று தையல் தானே ஒரு கையால் காய்ச்சிக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஐந்து நாளாக இறகு வேலை. கைக்குப் பதினான்கு நீள இறகு. முன்கையிலும் நடுவிரலிலும் மட்டுமே நட வேண்டும். கம்பி வளைத்து, சாக்குத் துணி சுற்றி, மேலே கலவை. ஈரம் காய்வதற்குள் ஒவ்வொரு இறகிலும் பழைய சீப்பால் கீறி இழை காட்ட வேண்டும். அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். மெதுவாகச் செய்கிறேன் என்று யாரும் சொல்லவில்லை. கோடு சமமாக இருக்கிறது என்று பச்சமுத்து அஞ்சலையிடம் சொன்னது காதில் விழுந்தது.

சிலையின் உள்ளங்கை தரையைப் பார்த்திருந்தது. கைதட்டுவது போல ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்றேன். தயங்காமல்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன், ஒருமுறை மட்டும் தொண்டையைச் செருமினேன். பச்சமுத்து திருப்பிவிட்டார்.

திருச்சி நூலகத்துச் சங்கதியை வேலைக்கு நடுவே அவரிடம் சொன்னேன். சரியாக எழுதிய பிள்ளைகளுக்குக் குறைத்த மதிப்பெண் பற்றியும். சீப்பை வாங்கிக் கழுவிக் கொடுத்தார். "அந்தப் புள்ளைங்க இன்னேரம் புள்ள குட்டி பெத்திருக்கும். நீங்க இதச் சரியா கீறுங்க" என்றார்.

ஆகஸ்ட் 14, புதன்

வர்ணம் முடிந்தது. செம்பழுப்பு, இறகு நுனியில் கறுப்பு. நிறம் யாருக்கும் தெரியாது, எங்கள் ஊகம் என்று பலகையில் எழுதச் சொன்னேன். எழுதினார்கள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

ஐந்து மணிக்கே எழுந்து இட்லி ஊற்றினேன். தையலுக்குப் புடவை கட்ட எதிர்வீட்டம்மா வந்து உதவினார். அவருக்கு நன்றி. அன்றைய வாசனை பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை, அதற்கும்.

கொடியேற்றம் எட்டரைக்கு முடிந்தது. கல்வி அதிகாரி, ஊராட்சித் தலைவர், முன்னூறு பிள்ளைகள், எல்லோரும் சிலையைச் சுற்றி நின்றார்கள். கண் மட்டும் திறக்கவில்லை. எல்லோர் முன்னாலும் திறப்பதுதான் முறை என்று பச்சமுத்து சொல்லிவிட்டார். அஞ்சலை எதிரே கண்ணாடி பிடித்து நின்றார், முதல் பார்வை அதில்தான் விழ வேண்டுமாம்.

ஏணியில் ஏறி, தூரிகையைத் தோய்த்து, திரும்பி என்னைப் பார்த்தார். "ஐயா, வேற எதும் இருக்குங்களா?"

மரியாதைக்குக் கேட்டதுதான். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.  தையல் என் பக்கத்தில் நின்றாள்.

"இருக்கு" என்றேன். "நாக்கு."

திறந்த வாயிலிருந்து நாக்கு யாளிக்குத் தொங்குவது போல் வெளியே தொங்கியது. நேற்று சாயங்காலம்தான் அழகுக்காகச் சேர்த்திருக்கிறார். அந்த விலங்கின் நாக்கு பெரும்பாலும் கீழ்த்தாடையோடு படிந்துதான் இருந்திருக்கும், இப்படி வெளியே நீளாது.

பச்சமுத்து தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு உளியைக் கேட்டார். அதிகாரியும் தலைவரும் முன்னூறு பிள்ளைகளும் வெயிலில் நின்றார்கள். தட்டி எடுத்து, பூசி, தேய்த்து, வர்ணம் தொட்டு முடிக்க இருபத்திரண்டு நிமிடம். நான் யாரையும் இவ்வளவு நேரம் காக்க வைத்ததில்லை. தலைமையாசிரியை பிள்ளைகளை உட்காரச் சொன்னார். அதிகாரியும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஏன் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

பச்சமுத்து மறுபடி ஏறினார். "இப்பங்க ஐயா?"

சுற்றி வந்து ஒருமுறை முழுக்கப் பார்த்தேன். அவசரப்படவில்லை.

"இப்ப சரி" என்றேன்.

கண்ணைத் திறந்தார்.